நாலாயிரம் வெள்ளியில் ஒரு பாலர் பள்ளி

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் பத்து நண்பர்கள், எல்லோரும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவர்கள். ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவு விலை வீடுகளில் குடியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தரமான பாலர் பள்ளி ஒன்றைத் தொடங்க நினைக்கிறோம். மாதம் 4,000 வெள்ளி (ரிங்கிட்) தவறாமல் திரட்ட முடியும். கடைவீட்டு மாடி ஒன்றை வாடகைக்குப் பார்த்து வைத்திருக்கிறோம். முதலில் எதில் செலவிடுவது? இடத்திலா, கணினியிலா, ஆசிரியரிலா?"

தம்பி, முதல் பதில் உங்களுக்குப் பிடிக்காது. பள்ளி தொடங்காதீர்கள்.

முப்பத்தொரு வருடம் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் இப்படிச் சொல்கிறாளே என்று கோபப்படுவதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள். இன்று குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர் என்று இரண்டு பேரை அந்தக் குறைந்தபட்சத்திலேயே வைத்தாலும் 3,400 ஆகிவிடும். அதற்கு மேல் முதலாளி கட்ட வேண்டிய ஊழியர் சேமநிதி 13 விழுக்காடு, 442 வெள்ளி. மீதம் 158. வாடகை, மின்சாரம், தண்ணீர், பிள்ளைகளின் காலை உணவு, தாள், பென்சில், சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா எல்லாம் அந்த 158-க்குள் அடங்குமா? டிப்ளோமா படித்த பெண் 1,700-க்கு வந்தாலும் ஆறு மாதம் இருப்பாள். அப்புறம் ஈப்போவில் நல்ல வேலை கிடைத்துப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வருடத்தில் இரண்டு முறை ஆசிரியை மாறும் பாலர் பள்ளி, ஏழைப் பிள்ளைக்கு இல்லாத பள்ளியை விட மோசமானது. அந்தப் பிள்ளையின் வீட்டில் ஏற்கெனவே ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள்.

பத்து பிள்ளைகளோ அதற்கு மேலோ சேர்த்துவிட்டால் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி அது பாலர் பள்ளி. கல்வி இலாகாவில் பதிவு செய்ய வேண்டும், தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டும். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட நாலு பிள்ளைகளைச் சேர்த்தாலே அது குழந்தைப் பராமரிப்பு நிலையமாகிவிடும். அதற்கு 1984-ஆம் ஆண்டுச் சட்டம், வேறு இலாகா. நீங்கள் பார்த்திருப்பது மாடி. பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்புத் துறையினர், படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். இதையெல்லாம் தாண்டி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் கும்பிடு. பத்து பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு, கோலாலம்பூரில் இருந்துகொண்டு செய்யக்கூடிய காரியம் இது இல்லை.

அப்படியானால் பிள்ளைகளுக்கு எங்கே இடம்? தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வளாகத்திலேயே கல்வி அமைச்சின் பாலர் வகுப்பு இருக்கிறது. ஒரு வகுப்புக்கு 25 பேர், ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர், நாளுக்கு நாலு மணி நேரம், சாப்பாடு உண்டு. தமிழோடு மலாயும் ஆங்கிலமும் சொல்லித் தருகிறார்கள். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு முன்னுரிமை. கிராமப்புற மேம்பாட்டு அமைச்சின் கீழ் கெமாஸ் வகுப்புகள், ஒற்றுமைத் துறையின் பெர்பாடுவான் வகுப்புகள் என்று வேறு இரண்டு வழிகளும் உண்டு, அவை மலாய் மொழியில் நடக்கின்றன. தனியார் பாலர் பள்ளிக்குப் போகும் பி40 (வருமானத்தில் கீழ்மட்ட 40 விழுக்காடு) குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, இந்தியர் மேம்பாட்டுக்கான அரசு அமைப்பான மித்ரா மானியம் கொடுத்த வருடங்களும் உண்டு.

நான் பணியாற்றிய காலத்தில் பார்த்த வேடிக்கை என்னவென்றால், வகுப்பில் இடம் காலியாக இருக்கும், மூன்று கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடி வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும். தரம், தரம் என்று நாம் பேசுவதெல்லாம் இந்த மூன்று கிலோமீட்டரைக் கடந்து உள்ளே வந்த பிள்ளைக்குத்தான்.

ஏன் வரவில்லை என்று கேட்டால் முதலில் சோம்பல் என்பார்கள், குடி என்பார்கள். குடி இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நான் வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில் பெரும்பாலும் காரணம் கடிகாரம். அம்மாவுக்குக் காலை ஏழு மணிக்குத் தொழிற்சாலை ஷிப்ட். அப்பா லாரியில். பாலர் வகுப்பு எட்டு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டு மணிக்கு விடும். எட்டு மணிக்கு யார் கொண்டு விடுவது, பன்னிரண்டு மணிக்கு யார் கூட்டி வருவது, மாலை நாலு மணி வரை யார் பார்த்துக்கொள்வது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத வீட்டில் பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிடுவதே சுலபம்.

தோட்டத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை, அதுதான் விசித்திரம். விடியற்காலை இருட்டில், வேலைக்கு முன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும்போதே என் அம்மா என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், ஒரு கிழவி, ஒரு வாளி நிறையத் தண்ணீர், பால்மாவு கலக்க ஒரு பெரிய குவளை. அங்கே கல்வி என்று ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் எழுதினால் என் அம்மாவே மேலிருந்து திட்டுவார். ஆனால் கொட்டகை, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்து பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளியும் கோயிலும் கொட்டகையும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள், நம்மவர்கள் பட்டணத்து ஓரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். லயத்து வீடு மோசமான வீடுதான். இருந்தாலும் வீட்டோடு சேர்ந்து இழந்தவை வேறு பல, அவற்றுள் ஒன்று இந்த ஆயாக் கொட்டகை. அதற்கு ஈடாகப் பட்டணத்தில் யாரும் எதையும் வைக்கவில்லை.

உங்கள் பணத்தில் முதல் பங்கு வேனுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மாதம் 1,200 வெள்ளி ஒதுக்குங்கள். ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறவரிடம் பேசுங்கள். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையை ஏற்றினால் வீட்டு வாசலில் தனியாக இறக்கிவிடாமல், நீங்கள் முன்கூட்டியே பேசி வைத்த பாட்டி ஒருவரின் வீட்டில் விட வேண்டும். மூன்று பிள்ளைகளுக்கு மேல் அந்தப் பாட்டியிடம் சேர்க்காதீர்கள். நான்கு வயது நிரம்பாத தம்பி தங்கைகளும் வந்து அவர்களே நாலு பேராகிவிட்டால் அந்த 1984-ஆம் ஆண்டுச் சட்டம் பாட்டியைத் தேடி வரக்கூடும். பெற்றோர் ஆளுக்குக் கொஞ்சம் பாட்டிக்குக் கொடுக்கட்டும். முழுக்க இலவசமாகக் கொடுத்த எதையும் எங்கள் ஊரில் யாரும் நேரத்துக்கு மதித்ததில்லை. இது என் சொந்த எரிச்சல், ஆராய்ச்சி முடிவு இல்லை.

அடுத்தது தரம். நீங்கள் கேட்ட சொல்லும் அதுதான்.

ஒருநாள் காலை, வகுப்புக்கு வெளியே சாக்கடை ஓரமாக ஓர் உடும்பு ஊர்ந்து போனது. நாலு மாதமாக வாயே திறக்காத சிறுமி ஒருத்தி என் சேலையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், பியாவாக்" என்றாள். உடும்புக்கு மலாய்ப் பெயர் அது. நான் அப்போது கரும்பலகையில் 'ட' எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டிய எழுத்து அது. சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கே போகிறது?" என்று கேட்டேன். பொந்துக்கு என்றாள். பொந்துக்குள் என்ன இருக்கிறது? குட்டி இருக்கிறது. குட்டி என்ன செய்கிறது? கொஞ்ச நேரம் யோசித்தாள். குட்டிக்குப் பசிக்கிறது, அம்மா வேலைக்குப் போய்விட்டாள், கதவைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள் என்றாள். அன்று அவள் வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதற்கு முன் நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் இல்லை. 'ட' அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போனது.

பாலர் பள்ளியில் தரம் என்று நான் சொல்வது இதைத்தான்: பிள்ளை ஒன்று சொல்கிறது, பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்கிறார், பிள்ளை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறது. இந்தப் பேச்சு ஒரு நாளில் ஒரு பிள்ளைக்கு எத்தனை முறை கிடைக்கிறது? வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் காரில் போகும்போது, கடையில் சாமான் வாங்கும்போது, தூங்கப் போகும்போது கிடைத்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த தாயிடம் மிஞ்சியிருப்பது "சாப்பிடு, குளி, படு" மட்டும்தான். அவளுக்குப் பிள்ளை மேல் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அவளிடம் மூச்சு மிச்சமில்லை. ஆனால் மூன்று சொற்களுக்கு மேல் கேட்டுப் பழகாத பிள்ளை முதலாம் ஆண்டில் வாசிப்புப் பாடத்துக்கு வரும்போது, எழுத்தைக் கூட்டிச் சொல்லிவிடும், சொன்னது என்னவென்று தெரியாமல் விழிக்கும்.

வெளிநாட்டு ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962-இல் தொடங்கிய பெரி பாலர் பள்ளித் திட்டத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். மிக ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகள். ஒரு பாதிக்குப் பாலர் பள்ளி, மறுபாதிக்கு இல்லை. நாற்பது வயது வரை அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். நுண்ணறிவுத் தேர்வில் கிடைத்த முன்னேற்றம் சில வருடங்களில் கரைந்துவிட்டது. ஆனால் ஐந்து முறையோ அதற்கு மேலோ போலீசில் பிடிபட்டவர்கள் பள்ளி கிடைக்காதவர்களில் 55 விழுக்காடு, கிடைத்தவர்களில் 36 விழுக்காடு. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் இந்தக் கணக்கை வைத்துத்தான் பாலர் கல்வியில் போட்ட பணம் வருடத்துக்கு 7 முதல் 10 விழுக்காடு வரை திரும்பி வருகிறது என்று காட்டினார். மேடைக்கு மேடை இந்த எண்ணைச் சொல்கிறவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: அங்கே ஏறக்குறைய ஆறு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். அந்த ஆசிரியர் வாரம் ஒருமுறை பிள்ளையின் வீட்டுக்குப் போய்த் தாயோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். அதைச் செய்யாமல் அந்தப் பலனை மட்டும் எதிர்பார்த்தால் எப்படி? அதே அமெரிக்காவில் டென்னசி மாநிலம் பெரிய அளவில் நடத்திய பாலர் வகுப்புக்குப் போன பிள்ளைகள், ஆறாம் வகுப்பு வந்தபோது, போகாத பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். அந்த முடிவு 2022-இல் வெளிவந்தது. வகுப்பு என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது.

எனக்கு மிகவும் பிடித்தது ஜமைக்கா. நம்மைப் போலவே கரும்பும் வெள்ளைக்காரத் தோட்டமும் கண்ட நாடு. கிங்ஸ்டன் நகரத்தில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள், எல்லாம் இரண்டு வயதுக்குட்பட்டவை. ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு உள்ளூர்ச் சுகாதார ஊழியப் பெண்கள் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், இரண்டு வருடம் போனார்கள். கையால் செய்த பொம்மைகளை வைத்துக்கொண்டு, பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். அவ்வளவுதான். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. கட்டடம் இல்லை, கணினி இல்லை, மாடி வாடகை இல்லை.

ஆகவே உங்கள் பணத்தின் பெரும்பங்கை ஓர் ஆளுக்குக் கொடுங்கள். எங்கள் ஊர்க்காரப் பெண்ணாக இருக்கட்டும், மோட்டார்சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்கட்டும். சம்பளம் 2,000, சேமநிதி 260, சொக்சோ, எண்ணெய்ச் செலவு என்று 2,450 வெள்ளிக்குள் முடியும். காலையில் இரண்டு வீடு, மாலையில் தாய் ஷிப்ட் முடிந்து வந்த பிறகு இரண்டு வீடு. வாரத்துக்கு இருபது குடும்பம். அரசாங்கப் பாலர் வகுப்பில் இடம் பெரும்பாலும் ஆறு வயதுப் பிள்ளைக்குத்தான் முதலில் போகிறது. மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் நிற்கிறார்கள். இந்த அக்கா அவர்களைத் தேடிப் போகட்டும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது சான்றிதழைப் பார்ப்பதோடு இன்னொன்றும் செய்யுங்கள். அவளை ஒரு நாலு வயதுப் பிள்ளையோடு அரைமணி நேரம் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஓரமாக நில்லுங்கள். பிள்ளையை விட அவள் அதிகம் பேசினால் வேறு ஆளைத் தேடுங்கள்.

அவள் பையில் என்ன இருக்க வேண்டும்? படப் புத்தகங்கள் நாலைந்து. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டுத் தைத்துக்கொள்ளலாம். கதையில் வரும் ஊர் இந்தியாவாக இருந்தால் என்ன, படத்தில் ஆடு மேய்கிறது, அதைப் பற்றிப் பேசினால் சரி. அப்புறம் ஒரு பல்லாங்குழி. ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகிற அந்த விளையாட்டைப் போல எண்ணிக்கையைச் சொல்லித் தருகிற கருவியை நான் எந்தக் கண்காட்சியிலும் பார்த்ததில்லை. மலாய்க்காரர்கள் சொங்காக் என்று விளையாடுவதும் அதன் உடன்பிறப்புதான். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளையோடு சேர்ந்து விளையாடினால் மலாய் மொழியும் கொஞ்சம் வரும். சோழி வேண்டாம், ரப்பர் கொட்டை போதும். வழவழப்பும் வரிவரியான கோலமும் கையில் எடுத்த பிள்ளையை உடனே பேச வைத்துவிடும். சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்துப் பிள்ளையின் கையில் சூடு வைக்கவும் அது தானாகவே கற்றுக்கொள்ளும், கவனமாக இருக்கச் சொல்லுங்கள்.

பெற்றோரிடமிருந்து ஒரு தொல்லை வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். "விளையாட்டு காட்டவா வருகிறீர்கள், எழுத்து சொல்லித் தாருங்கள், இங்கிலீஷ் சொல்லித் தாருங்கள்" என்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தாங்கள் இழந்ததைப் பிள்ளைக்குக் கேட்கிறார்கள், வீட்டுப்பாடப் புத்தகம் நிறைந்திருந்தால் படிப்பு நடக்கிறது என்று நம்புகிறார்கள். வாதம் செய்யாதீர்கள். பிள்ளை சொன்ன கதையை அந்த அக்கா அவர்கள் கண்முன்னால் ஒரு தாளில் எழுதி, கீழே பிள்ளையின் பெயரைப் போட்டுச் சுவரில் ஒட்டட்டும். நான் எழுதி ஒட்டிய அந்த உடும்புக் கதை மூன்று வருடம் அந்த வீட்டுச் சுவரில் இருந்தது. எழுத்து எதற்கு என்று தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

மீதம் 350 வெள்ளி. இதைக் கையில் வைத்திருங்கள், இரண்டு காரியத்துக்கு.

ஒன்று உடம்பு. நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வு சொன்னது. ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, இத்தனை நாசி லெமாக் விற்கும் நாட்டில். பிள்ளையின் காதையும் பார்க்கச் சொல்லுங்கள். சொன்ன பேச்சைக் கேட்காத பையன் என்று ஒருவனை நான் ஆறு மாதம் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தேன். அவனுக்கு இரண்டு காதிலும் சீழ். அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போய் வர பஸ் காசும், தாய்க்கு ஒருநாள் சம்பள இழப்பும்தான் தடையாக இருந்தன. அந்தப் பையனை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

இன்னொன்று சூராட், அதாவது பிறப்புப் பத்திரம். பிறந்து 60 நாளுக்குள் பதிவு செய்யாமல் விட்ட பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணத்தைப் பதிவு செய்யவில்லை என்ற தம்பதிகளும் இருக்கிறார்கள். 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். தாய் வெளிநாட்டவராகவும் திருமணம் பதிவாகாமலும் இருந்தால், அப்பா மலேசியராக இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்காமல் போகும். அப்படிப்பட்ட பிள்ளையின் பெற்றோர் பாலர் வகுப்பின் வாசலுக்கே வர மாட்டார்கள், எதையாவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். வீட்டுக்குப் போகும் அக்காவுக்கு இது மூன்றாவது நாலாவது வாரத்தில்தான் தெரியவரும், அதுவும் தேநீர் குடிக்கும்போது. தெரிந்ததும் பதிவு இலாகாவுக்குக் கூடவே ஒருவர் போக வேண்டும். கூடப் போவது என்றால் படிவத்தை எடுத்துக் கொடுப்பது மட்டுமல்ல, வரிசையில் பக்கத்தில் நிற்பது. பத்து நண்பர்களில் யாராவது ஒருவருக்கு மாதத்தில் ஒரு வேலைநாள் விடுப்பு எடுக்க முடியுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பணத்தைவிட அது பெரிய உதவி.

மாதாமாதம் பணம் சேர்ப்பது ஒத்துவருமா என்று உங்களில் சிலருக்குச் சந்தேகம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நம் ஊர்க்காரர், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் சீவிய சனங்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித்தான் நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் தோட்டமே வாங்கினார்கள். உங்கள் சம்பளத்தில் ஆளுக்கு 400 என்பது முடியாத காரியமா?

கணினி வேண்டாம். அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே அப்பாவின் கைப்பேசியில் போதுமானதைப் பார்க்கிறார்கள். கடைவீட்டு மாடிக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று தெரிவிக்கவும், கொடுத்திருந்தால் இந்த வாரமே திரும்பக் கேளுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது என் வீட்டுக்கு வாருங்கள், அக்கா வேலைக்குப் பொருத்தமான இரண்டு பெண்களை எனக்குத் தெரியும். வரும் வழியில் எங்காவது பால்மரம் கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்தி ஒரு பை நிறையக் கொட்டை பொறுக்கி வாருங்கள். இங்கே சுற்றிலும் செம்பனையாகிவிட்டது, பல்லாங்குழிக்குப் போட எனக்கே பற்றாக்குறை.